அசன வரிப் பலகை: சபைக் கமிட்டிக்கு ஒரு திறந்த மடல்

கர்த்தருக்குள் அன்பான கமிட்டி அண்ணன்மாருக்கும் சேகர ஐயா அவர்களுக்கும் ஸ்தோத்திரம்.

போன வருஷம் அசனத்தன்று, சபையே சேர்ந்து சாப்பிடுகிற அந்த விருந்து நாளில், கோயில் வாசலில் ஒரு பலகை மாட்டினீர்கள். வீடுவாரியாக வாங்குகிற தலைக்கட்டு வரி யார் எவ்வளவு கொடுத்தார்கள், யார் பாக்கி என்று அதில் எழுதியிருந்தது. அதிகம் கொடுத்தவர்கள் பெயர் சிவப்பு மையில். எங்கள் தெருவில் பீடி சுற்றிப் பிழைக்கிற ஆச்சியின் பெயர் பாக்கி வரிசையில் கடைசி. அன்று ஆச்சி பந்திக்கு வரவில்லை. தூக்குவாளியில் சோறும் குழம்பும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கே போனேன். வாளியைத் தொடாமலே கேட்டாள்: "இது யாரு கணக்குல?"

யார் கணக்கிலும் இல்லை என்று சொல்லித் திண்ணையில் வைத்துவிட்டு வந்தேன். சொன்னேனே தவிர, அது பொய் என்று எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். பலகை இருக்கிறதே.

வரி வாங்காதீர்கள் என்று சொல்ல வரவில்லை. அரிசியும் விறகும் ஆடும் சும்மா வராது. கணக்கு எழுதுங்கள், ரசீது போடுங்கள், ஆடிட்டரிடம் காட்டுங்கள். கோயில் மின்விசிறி இறக்கையில் உபயதாரர் பெயர் எழுதியிருப்பதைக்கூட விட்டுவிடலாம். சுற்றும்போது எப்படியும் வாசிக்க முடியாது. மொய் நோட்டு மேலும் எனக்குக் கோபம் இல்லை. பேராவூரணி, கீரமங்கலம் பக்கம் ஆடி மாதம் மொய்விருந்து வைப்பார்கள். கறிச்சோறு போட்டு, வந்த பணத்தை நோட்டில் எழுதிக்கொண்டு, மற்றவர் முறை வரும்போது கூடுதலாகச் சேர்த்துத் திருப்பிச் செய்வார்கள். வங்கிக்குப் போகாமல் ஊர் ஊருக்கே கொடுத்துக்கொள்கிற கடன் அது. நேர்மையான ஏற்பாடு. அதைக் கிருபை என்று அங்கே யாரும் சொல்வதில்லை. நாம்தான் உள்ளே கிருபையைப் பற்றிப் பிரசங்கம் வைத்துவிட்டு, வாசலில் மொய் நோட்டை விரித்து வைக்கிறோம்.

கிருபை என்று நாம் வேதத்தில் வாசிக்கிற இடத்தில் அப்போஸ்தலர் பவுல் எழுதிய கிரேக்கச் சொல் காரிஸ். அது கோயிலுக்குள் மட்டும் புழங்கிய சொல் இல்லை. தயவு, கொடை, நன்றி எல்லாவற்றுக்கும் ஊரில் சொன்ன சொல்தான். 2 கொரிந்தியர் 8, 9 அதிகாரங்களில் எருசலேமின் ஏழைகளுக்காகத் திரட்டிய பணத்துக்கும் அதே சொல்லைப் போடுகிறார். கடைசியில் 'ஸ்தோத்திரம்' என்று முடிக்கிற இடத்திலும் அதே சொல். ஆக, வசூல் பேச்சும் அவருக்குக் கிருபைப் பேச்சுதான். அந்தக் காலத்து ரோமாபுரிப் பெரிய மனிதர்களும் வள்ளல்கள்தான், ஆனால் ஆள் பார்த்து, தகுதி பார்த்துக் கொடுப்பார்கள். பவுலின் காலத்தில் வாழ்ந்த ரோமத் தத்துவ அறிஞர் செனேகா அப்படித்தான் புத்தி சொன்னார். பவுல் இந்த இடத்தில்தான் வேறு வழி போகிறார். நாம் பாவிகளாயிருக்கையிலேயே கிறிஸ்து நமக்காக மரித்தார் என்கிறார். தகுதிப் பட்டியல் அங்கே கிழிந்துபோகிறது.

கிருபை என்றால் பதிலுக்கு ஒன்றுமே செய்ய வேண்டாம் என்று சில பிரசங்கியார் சொல்வதையும் என்னால் முழுக்க ஒத்துக்கொள்ள முடியவில்லை. மறுநாள் காலையில் ஆச்சி வாளியைத் திருப்பிக் கொண்டுவந்தாள். உள்ளே இரண்டு கை முருங்கைக்கீரை. நம் ஊரில் யார் பாத்திரத்தையும் வெறுமனே திருப்பிக் கொடுக்க மாட்டோம். கொஞ்சம் சீனியாவது போட்டுக் கொடுப்போம். அந்தக் கீரை அசனச் சோற்றுக்கு ஈடா என்று என் வீட்டில் யாரும் கேட்கவில்லை. அவளும் கடனைத் தீர்த்த முகத்தோடு வரவில்லை. வாசலில் நின்று அரை மணி நேரம் ஊர்க்கதை பேசிவிட்டுப் போனாள். உங்கள் பலகையில் அந்தக் கீரைக்குக் கட்டம் கிடையாது.

விருந்து வைத்தால் பதில் செய்ய முடியாதவர்களைக் கூப்பிடு என்று லூக்கா 14-ல் இருக்கிறது. நாமோ அவர்களைப் பாக்கியில் எழுதுகிறோம்.

வரிச்சிட்டை பொருளாளர் பீரோவிலேயே இருக்கட்டும். ஆராதனை முடிவில் தொகைகளை வாசிக்க வேண்டாம். வரி கொடுக்காத வீடுகளுக்கு நீங்களே நேரில் போய் "அசனத்துக்கு வாங்க" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். பாக்கியைப் பற்றி அன்று மட்டும் பேச வேண்டாம்.

இந்த வருஷ அசனத்துக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. பலகை போன வருஷத்து ஆணியிலேயே தொங்குகிறது. கழற்ற ஆள் இல்லையென்றால் சொல்லுங்கள், ஏணியோடு வருகிறேன்.

இப்படிக்கு,
சபையார் ஒருவர்