'கூட ஒன்று வாங்கி இணைத்துக்கொள்ளலாம்' என்ற அந்த ஒரு வரி

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழில் பண்டிகைக்கு வாங்க ஏற்ற போர்ட்டபிள் ஸ்பீக்கர்கள் என்று இரண்டு பக்கத்துக்கு ஒரு கட்டுரை வந்திருந்தது. என்ன விலை, ஒரு தடவை சார்ஜ் போட்டால் எத்தனை மணி நேரம் பாடும், தண்ணீர் பட்டால் தாங்குமா என்று எல்லாம் பொறுப்பாக எழுதியிருந்தார்கள். கடைசிப் பத்தியில்தான் அந்த வரி: 'சத்தம் போதவில்லையே என்ற கவலை வேண்டாம், கூட ஒன்று வாங்கி இணைத்துக்கொள்ளலாம்.' இதழை மூடி வைத்துவிட்டு அடுப்படி வேலையை முடித்துவிட்டு வந்தேன். அப்புறமும் மனசு ஆறவில்லை. அதனால் எழுதுகிறேன்.

நான் கும்பகோணத்தில் பரதநாட்டியம் சொல்லிக்கொடுக்கிறேன். ஆறு வருஷத்துக்கு முன்பு பத்துப் பிள்ளைகள் இருந்தபோது ஒரு ஸ்பீக்கர் வாங்கினேன். எட்டாயிரத்துச் சொச்சம். எனக்கு அது பெரிய தொகை. ஆனால் குறை சொல்ல மாட்டேன், நன்றாகவே உழைத்தது. இப்போது முப்பத்து நான்கு பிள்ளைகள். வீட்டுக்கூடம் போதாமல் கோயில் மண்டபத்தில் வகுப்பு நடக்கிறது. உயரமான கல் மண்டபம், பக்கவாட்டில் திறப்பு, வெளியே பஸ் ஹாரன். பின்வரிசையில் நிற்கிற பிள்ளைகளுக்கு மிருதங்கம் கேட்பதில்லை. சரி, அந்தக் கட்டுரை சொல்கிற அதே யோசனைதான் எனக்கும் வந்தது.

ஆடித் தள்ளுபடியில் அதே கம்பெனியின் ஸ்பீக்கரையே தேடி வாங்கினேன். பெயர் அதேதான், பின்னால் உள்ள எண் மட்டும் ஒன்று கூடுதல். அட்டைப்பெட்டியில் இரண்டு ஸ்பீக்கர் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிற மாதிரி படம் போட்டிருந்தார்கள். வீட்டுக்கு வந்து இரண்டிலும் இணைப்புப் பொத்தானை அழுத்தினேன். பழையது விளக்கை மினுக்கி மினுக்கித் தேடியது. புதியதும் தேடியது. ஒன்றை ஒன்று கண்டுகொள்ளவே இல்லை. ஒரு மணி நேரம் முயன்றுவிட்டுக் கடைக்கு எடுத்துப்போனேன். கடைக்காரத் தம்பி பார்த்த உடனே சொல்லிவிட்டார்: "கம்பெனி ஒண்ணுதான் டீச்சர். ஆனா அது பழைய முறை, இது புது முறை. ரெண்டும் சேராது."

வாங்கும்போது ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "பெட்டியிலயே போடலையே டீச்சர், எனக்கே போன மாசம்தான் தெரியும்" என்றார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை.

விவரம் தங்களுக்குத் தெரியாததல்ல. ப்ளூடூத் என்பதே எல்லாக் கம்பெனிப் பொருள்களும் ஒன்றோடு ஒன்று பேச வேண்டும் என்பதற்காக எரிக்சன், ஐபிஎம், இன்டெல், நோக்கியா, தோஷிபா என்ற ஐந்து கம்பெனிகள் 1998-ல் அமைப்பு தொடங்கிக் கொண்டுவந்த ஏற்பாடு. ஆனால் பாட்டு அனுப்புகிற பழைய ப்ளூடூத் முறையில் ஒரு போனுக்கு ஒரு ஸ்பீக்கர் என்றுதான் கணக்கு. இரண்டைச் சேர்க்கப் பொதுவான வழி வைக்கவில்லை. அந்த இடைவெளியில் ஆளுக்கொரு முறையைக் கம்பெனிகள் செய்துகொண்டன. ஒரு கம்பெனி முறை இன்னொன்றோடு சேராது என்றால்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். தான் நேற்று விற்ற பொருளோடு தன் இன்றைய பொருளே சேராது என்றால், முதலில் வாங்கியவளுக்கு என்ன மரியாதை?

இப்போது ஆராகாஸ்ட் என்று ஒன்று வந்திருக்கிறது. 2020-ல் அறிவித்த புதிய ப்ளூடூத் ஒலி முறையின் பகுதி, 2022-ல் அந்தப் பெயர் வைத்தார்கள். ஒரு இடத்திலிருந்து அனுப்புகிற பாட்டை எத்தனை ஸ்பீக்கர் வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளலாம், கம்பெனி வித்தியாசம் இருக்கக் கூடாது என்பதுதான் அதன் நோக்கம். மனசார வரவேற்கிறேன். ஆனால் என்னிடம் இருக்கிற பழைய ஸ்பீக்கருக்குள் அது வந்துவிடாது. அதற்கான சிப்பே அதில் கிடையாது.

என் போனில் ஒரே நேரத்தில் இரண்டு ஸ்பீக்கருக்கு அனுப்புகிற வசதி இருக்கிறது என்று பழைய மாணவி ஒருத்தி காட்டிக்கொடுத்தாள். நவராத்திரி நிகழ்ச்சிக்கு அதையே நம்பினேன். மேடைக்கு இடப்பக்கம் பழையது, வலப்பக்கம் புதியது. இரண்டும் பாடின. ஆனால் சேர்ந்து பாடவில்லை. போனிலிருந்து வருகிற ஒலியைக் கொஞ்சம் சேர்த்துவைத்துக்கொண்டுதான் ஸ்பீக்கர் வெளியே விடும், அந்தத் தாமதம் மாடலுக்கு மாடல் மாறும். கால் நொடிகூட இருக்காது. சினிமாப் பாட்டு என்றால் எதிரொலி மாதிரி இருக்கிறது என்று விட்டுவிடுவார்கள். கால் தட்டுக்கான தாளச் சொற்கள் வருகிற ஜதிக்கு அது ஆகுமா? ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி கச்சேரியின் முதல் உருப்படியான அலாரிப்பை, மூன்று மூன்றாக எண்ணுகிற திஸ்ர நடையில் ஆட வந்தாள். 'தாம் தித்தாம் தை' என்று இந்தப் பக்கம் விழுந்த தட்டு அந்தப் பக்கம் மறுபடி விழுந்தது. முதல் ஆவர்த்தனம், அதாவது தாளத்தின் ஒரு சுற்று, சமாளித்தாள். இரண்டாவதில் முழங்கால் மடக்கிய அரைமண்டியிலிருந்தபடியே கால் நின்றுவிட்டது. கண்ணை மட்டும் திருப்பி என்னைப் பார்த்தாள். எந்தத் தட்டுக்குக் கால் வைப்பது என்று கேட்கிற பார்வை. நான் ஓடிப்போய் ஒன்றை அணைத்தேன். அவள் ஆடி முடித்தாள், கைதட்டினார்கள். ஆனால் உள்ளே வந்து என் மடியில் முகம் வைத்து அழுதாளே, அந்த அழுகைக்கு அந்தப் பிள்ளை செய்த தப்பு என்ன?

எழுத உட்கார்ந்த பிறகு பழையதெல்லாம் வருகிறது, மன்னிக்கவும். புதிய ஸ்பீக்கரில் ஒயர் செருகுகிற ஓட்டையே இல்லை. என் குரு சொல்லிக்கொடுத்த உருப்படிகள் 1994-ல் பதிவு செய்த பதினோரு கேசட்டுகளில் இருக்கின்றன. டேப் ரெக்கார்டரிலிருந்து ஒரு ஒயர் பழைய ஸ்பீக்கருக்குப் போனால் போதும், மண்டபம் முழுக்க அவர் குரல் கேட்கும். அவர் காலமாகிவிட்டார். பிள்ளைகளுக்கு அவரை அறிமுகம் செய்ய எனக்கு வேறு வழி இல்லை. பத்து ரூபாய் பெறாத அந்த ஓட்டையை எதற்காக எடுத்தார்கள் என்று எனக்கு இதுவரை யாரும் சொல்லவில்லை. போனில் ஹெட்போன் ஓட்டையை எடுத்தபோதே இதே பத்திரிகைக்கு ஒரு கடிதம் எழுதினேன். இடமில்லாமல் போயிருக்கும், அதைப் பெரிதுபடுத்தவில்லை. ஆனால் அப்போதே நாலு பேர் கேட்டிருந்தால் இப்போது ஸ்பீக்கரிலும் எடுத்திருப்பார்களா?

அப்புறம் அந்த ஆப். ஸ்பீக்கரை இணைக்க ஆப் வேண்டும், ஆப் திறக்க என் ஈமெயில் வேண்டும், நான் எங்கே இருக்கிறேன் என்ற தகவல் வேண்டும். மிருதங்கம் கேட்பதற்கு நான் ஏன் இருக்கிற இடத்தைச் சொல்ல வேண்டும்? பழைய ஸ்பீக்கரின் பேட்டரியும் தளர்ந்துவிட்டது. மாற்றித் தரக் கேட்டால், 'உள்ளே ஒட்டிவிட்டது மேடம், புதுசு வாங்கிக்கோங்க' என்கிறது சர்வீஸ் சென்டர். எங்கே போனாலும் இதே பதில்தான். வாங்கு, கூட ஒன்று வாங்கு, அதை விட்டுவிட்டுப் புதியது வாங்கு.

மாற்ற முடியாது என்பதை நான் நம்பவில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 டிசம்பர் 28 முதல் புதிதாக விற்கிற போன்களெல்லாம் யுஎஸ்பி சி என்ற ஒரே மாதிரியான சார்ஜர் முனையோடுதான் வர வேண்டும் என்று சட்டம் நடைமுறைக்கு வந்தது. போர்ட்டபிள் ஸ்பீக்கரும் அந்தப் பட்டியலில் உண்டு. ஒரு சட்டம் வந்ததும் எல்லாக் கம்பெனிகளுக்கும் முடிந்தது. அப்படியானால் இணைப்பு விஷயத்திலும் முடியும். கேட்கிறவர்கள் கேட்க வேண்டும். அந்த இடத்தில் தங்கள் பத்திரிகை இருக்கிறது.

கட்டுரை எழுதியவரை நான் குறை சொல்லவில்லை. அவர் வீட்டில் ஒரு ஸ்பீக்கர்தான் இருந்திருக்கும். ஆனால் தங்கள் பத்திரிகையில் வந்ததை நம்பிப் பணம் எடுத்து வைக்கிற குடும்பங்கள் இருக்கின்றன. என் மாணவிகளின் வீடுகளிலேயே நாலு வீடு சொல்வேன்.

அடுத்த முறை அப்படிப் பட்டியல் போடும்போது மூன்று கட்டங்கள் கூட்டுங்கள். இந்த ஸ்பீக்கர் எந்தெந்த மாடலோடு சேரும் என்று ஒன்று. சேர்ந்தால் இரண்டும் ஒரே ஒலியைத் தருமா, இடம் வலம் பிரித்துத் தருமா என்று ஒன்று. பல கம்பெனிகளில் பிரித்துத் தர இரண்டும் அச்சு அசல் ஒரே மாடலாக இருக்க வேண்டும், அதையும் எழுதுங்கள். ஒயர் செருக இடம் உண்டா இல்லையா என்று ஒன்று. கடையில் கேட்டு எழுத வேண்டாம், இரண்டை வாங்கிப் பக்கத்தில் வைத்துப் பார்த்து எழுதச் சொல்லுங்கள். வேண்டுமென்றால் என் இரண்டையும் கொடுத்தனுப்புகிறேன். சனி ஞாயிறு மட்டும் வகுப்பு இருக்கிறது, வெள்ளிக்கிழமைக்குள் திரும்பி வந்தால் போதும்.

இப்படிக்கு,
நாட்டிய ஆசிரியை ஒருவர்,
கும்பகோணம்.