ஸ்டிக்கரில் 29, டயரில் 43: சர்வீஸ் சென்டரின் காற்று மீட்டர் குறித்த புகார்

அனுப்புநர்
வாடிக்கையாளர் (பெயரும் வண்டி எண்ணும் இணைத்துள்ள ஜாப் கார்டு நகல்களில் உள்ளபடி),
திருமங்கலம், மதுரை மாவட்டம்.

பெறுநர்
தலைவர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
மோட்டார் சைக்கிள் நிறுவனத் தலைமை அலுவலகம்.

நாள்: 20.01.2025

பொருள்: தங்கள் அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் சென்டரில் டயர்களுக்கு அளவுக்கு மீறிக் காற்று அடிக்கப்படுவது, அதனால் தேய்ந்த பின்டயருக்கு வாரண்டி மறுக்கப்பட்டது – தொடர்பாக.

ஐயா / அம்மையீர்,

2024 பிப்ரவரியில் தங்கள் நிறுவனத்தின் 125 சிசி மோட்டார் சைக்கிள் வாங்கினேன். தினமும் திருமங்கலத்திலிருந்து உசிலம்பட்டிக்கு வேலைக்குப் போய் வருகிறேன். போகவர 60 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. என்ஜினிலோ மைலேஜிலோ ஒரு குறையும் இல்லை. குறை எல்லாம் காற்றில்தான்.

செயின் கவர் மேல் நீங்கள் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில், முன்டயருக்கு 25 பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அளவு), பின்டயருக்கு ஒருவர் ஓட்டினால் 29, இருவர் போனால் 33 என்று இருக்கிறது. டயர் ஆறியிருக்கும்போது பார்க்க வேண்டும் என்று கையேட்டிலும் அச்சடித்திருக்கிறீர்கள். இந்த மூன்று எண்களையும் எட்டு மாதம் நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். அதற்குக் காரணமும் உங்கள் சர்வீஸ் சென்டர்தான். முதல் சர்வீஸ் முடிந்து வண்டியை எடுக்கும்போதே, "நைட்ரஜன் அடிச்சிருக்கு சார், வெளியில எங்கேயும் காத்து பிடிச்சிடாதீங்க" என்று சொல்லி, டயருக்கு 20 வீதம் 40 ரூபாய் பில்லில் சேர்த்தார்கள். சொன்னபடி கேட்டேன். பெட்ரோல் பங்கில் சும்மா கிடைக்கும் காற்றைக்கூடத் தொடவில்லை.

வண்டி குதிக்கிறது என்று இரண்டாவது சர்வீஸிலேயே சொன்னேன். ஸ்பீடு பிரேக்கர் ஒவ்வொன்றும் முதுகெலும்பில் வந்து விழும். பின்னால் உட்காரும் என் மனைவி, இதற்குப் பழைய மொபெட்டே தேவலை என்றார். "பின்பக்கம் கடினமாக உள்ளது" என்று ஜாப் கார்டில் எழுதியும் வாங்கினேன் (இணைப்பு 2). சர்வீஸ் அட்வைசரின் பதில்: "புது வண்டி சார், ஓட ஓடப் பழகிடும்." எங்களுக்குத்தான் பழகியது.

மூன்றாவது சர்வீஸ் அக்டோபரில், 12,000 கிலோமீட்டரில். அது முடிந்து ஆறாம் நாள் மாலை, லேசான தூறலில், மனைவியோடு சிந்துபட்டி தாண்டி வந்துகொண்டிருந்தேன். சாலையின் குறுக்கே ஆடுகள் இறங்கின. வேகம் 40-தான் இருக்கும். பிரேக் பிடித்ததும் பின்சக்கரம் சோப்புக் கட்டி மாதிரி வழுக்கி ஒருபக்கமாகப் போனது. மனைவிக்கு முழங்காலில் சிராய்ப்பு, எனக்கு உள்ளங்கையில். லாரி எதுவும் பின்னால் வராதது எங்கள் நல்ல காலம்.

வண்டியைப் பக்கத்திலிருந்த பஞ்சர் கடைக்குத் தள்ளிக்கொண்டு போனோம். கடைக்காரர் பெண்டு எதுவும் பார்க்கவில்லை. குனிந்து டயரைக் கட்டைவிரலால் ஒரு அமுக்கு அமுக்கினார். "அண்ணே, கல்லு மாதிரி இருக்கு. யாரு காத்து பிடிச்சது?" மீட்டர் வைத்தால் பின்டயரில் 45. ஓடிவந்த சூட்டில் இரண்டு மூன்று கூடியிருக்கும் என்று தள்ளிவிட்டாலும் 42-க்குக் குறையாது. பிறகு டயரை மெல்லச் சுழற்றிக் காட்டினார். நடுப்பட்டை மட்டும் வழுவழுவென்று தேய்ந்து, டயர் மாற்ற வேண்டிய அளவைக் காட்டும் டி.டபிள்யூ.ஐ. குறியைத் தொட்டுவிட்டது. இரண்டு ஓரங்களிலும், புது டயரில் நீட்டிக்கொண்டிருக்கும் ரப்பர் முடிகூட அங்கங்கே உதிராமல் இருந்தது.

இந்த டயருக்கு வாரண்டி கேட்டு உங்கள் சென்டர் மூலமாகவே மனு கொடுத்தேன். நவம்பரில் வந்த பதிலை அப்படியே இணைத்திருக்கிறேன் (இணைப்பு 4). "வாடிக்கையாளர் குறைந்த காற்றழுத்தத்தில், அதிக பாரத்துடன் ஓட்டியதால் ஏற்பட்ட தேய்மானம்" என்கிறது அது. எழுதியவர் டயரைப் பார்த்தாரா என்றே சந்தேகமாக இருக்கிறது. காற்று குறைந்தால் டயர் சப்பையாகி ஓரங்கள் தரையில் அழுந்தும். ஓரம்தான் முதலில் தேயும். காற்று மிஞ்சினால் டயர் நடுவில் புடைத்து, அந்த ஒரு பட்டை மட்டும் தரையைத் தொடும். நடுதான் தேயும், தரையில் பிடிப்பும் குறையும். சிந்துபட்டி பஞ்சர் கடையில் விரலால் அமுக்கியே தெரிந்துகொண்ட விஷயம் இது. உங்கள் வாரண்டிப் பிரிவுக்குப் படம் அனுப்பியும் தெரியவில்லை. 2,150 ரூபாய் கைக்காசு போட்டுப் புது டயர் மாட்டிக்கொண்டேன். கூடவே 350 ரூபாய்க்குச் சொந்தமாகக் காற்று அளக்கும் கேஜும் ஒன்று வாங்கினேன்.

நான்காவது சர்வீஸ் 2025 ஜனவரி 8-ஆம் தேதி. அன்று காலை வண்டியை எடுப்பதற்கு முன் முன்னால் 25, பின்னால் 29 என்று நானே சரிபார்த்துப் படம் எடுத்தேன். மாலை வண்டி வந்தது. ஜாப் கார்டில் "டயர் காற்று: சரி" என்ற இடத்தில் டிக். மறுநாள் காலை 6 மணிக்கு, வண்டியை நகர்த்தாமல், டயர் முழுக்க ஆறிய நிலையில் அளந்தேன். முன்னால் 38. பின்னால் 43. காற்றைத் திறந்துவிடவில்லை; இரண்டு நாள் பஸ்ஸிலேயே வேலைக்குப் போனேன்.

11-ஆம் தேதி, சனிக்கிழமை, சென்டருக்குப் போய்க் கேட்டதற்கு, "வெயில்ல ஏறியிருக்கும் சார்" என்றார் அட்வைசர். விடியற்காலையில் அளந்தேன் என்றாலும் அதையேதான் சொன்னார். சரி, கணக்கே போட்டுவிடுவோம். டயருக்குள் இருக்கும் காற்று 10 டிகிரி சூடேறினால் சுமார் ஒன்றரை பி.எஸ்.ஐ. கூடும். காலையில் 27 டிகிரியில் 29 காட்டும் டயர் வெறும் சூட்டால் 43 ஆக வேண்டுமானால், உள்ளே 120 டிகிரியைத் தாண்ட வேண்டும். தண்ணீர் கொதிப்பதே 100-இல். மார்கழி மாதத்தில் திருமங்கலத்தில் அவ்வளவு வெயில் அடித்ததாக நினைவில்லை.

உண்மைக் காரணம் அங்கேயே தெரிந்துவிட்டது. வாட்டர் வாஷ் பக்கம் தொங்கும் கம்ப்ரஸர் ஹோஸில் உள்ள மீட்டரை என் பின்டயரில் வைத்துக் காட்டச் சொன்னேன். முள் 30-இல் நின்றது. அதே டயரில் என் கேஜ் 44. வரும் வழியில் பெட்ரோல் பங்கின் டிஜிட்டல் மெஷினும் 44-தான் காட்டியது. ஆகக் காற்றடிக்கும் தம்பி 29 வைக்க நினைத்து 43 வைக்கிறார். முன்டயரில் 25-க்குப் பதில் 38. மீட்டரின் கண்ணாடி உடைந்து டேப் ஒட்டியிருக்கிறது. எப்போதோ கீழே விழுந்திருக்க வேண்டும். அந்தத் தம்பியின் மேல் எனக்கு வருத்தம் இல்லை, அவரை வேலையை விட்டு நிறுத்திவிட்டதாக எனக்குப் பதில் எழுதிவிடாதீர்கள். மீட்டரை யார் எப்போது சரிபார்க்க வேண்டும் என்று அவருக்கு மேலே இருப்பவர்களைத்தான் கேட்க வேண்டும்.

இன்னொன்றும் கவனித்தேன். இரண்டு டயருக்கும் காற்று வந்தது அந்த ஒரே ஹோஸிலிருந்துதான். நைட்ரஜனுக்கென்று தனி சிலிண்டரோ மெஷினோ கண்ணில் படவில்லை. கேட்டதற்கு, "அது ரிப்பேர்ல இருக்கு சார்" என்றார்கள். நாம் மூச்சு விடும் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன் இருப்பதால் பில் முழுப்பொய் என்று சொல்ல மாட்டேன். ஆனால் நான்கு சர்வீஸுக்கும் சேர்த்து 160 ரூபாய் வாங்கியிருக்கிறீர்கள்.

நான் கேட்பது: பின்டயருக்கான 2,150 ரூபாயும் நைட்ரஜன் பேரில் வாங்கிய 160 ரூபாயும் எனக்குத் திரும்ப வர வேண்டும். வாரண்டி மறுப்புக் கடிதத்தில் தவறு என் மேல் என்று எழுதியதை எழுத்திலேயே திரும்பப் பெற வேண்டும். இவற்றைவிட அவசரமானது அந்த மீட்டரை இன்றைக்கே கழற்றுவது. ஒரு நாளைக்கு எத்தனை வண்டி அங்கே சர்வீஸுக்கு வருகிறதோ, அத்தனை பேரும் கல் மாதிரி டயரோடு நாற்கரச் சாலையில் ஏறுகிறார்கள். பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றிப்போகிறவர்களும் அதில் உண்டு. அவர்களுடைய போன் எண்கள் உங்களிடம் இருக்கின்றன. எக்ஸ்சேஞ்ச் மேளாவுக்கு எனக்கு வாரம் இரண்டு குறுஞ்செய்தி அனுப்புகிறீர்களே, அதேபோல "காற்றை ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்" என்று அவர்களுக்கும் ஒன்று அனுப்புங்கள்.

15 நாளில் பதில் இல்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும், பிறகு மதுரை மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்திலும் முறையிடுவேன். 5 லட்சம் வரையிலான வழக்குக்கு அங்கே கட்டணம் கிடையாது என்பதை விசாரித்து வைத்திருக்கிறேன்.

பழைய டயரைத் தூக்கிப் போடவில்லை. வீட்டுத் திண்ணையில் சாய்த்து வைத்திருக்கிறேன். நேரில் பார்க்க ஆள் அனுப்புவதாக இருந்தால் மாலை 7 மணிக்கு மேல் அனுப்புங்கள். வருகிறவர் சரியான மீட்டர் ஒன்றையும் கையோடு கொண்டுவரட்டும்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு:
1. வாங்கிய ரசீது நகல்
2. நான்கு சர்வீஸ்களின் ஜாப் கார்டு, பில் நகல்கள்
3. பழைய பின்டயரின் படங்கள்: நடுப்பட்டை, இரு ஓரங்கள்
4. நவம்பர் மாத வாரண்டி மறுப்புக் கடிதம்
5. ஜனவரி 8, 9, 11 தேதிகளில் எடுத்த கேஜ் படங்கள்
6. புது டயர் வாங்கிய பில்