ஒரு சுவருக்கு மூன்று ரோல்

கிளிநொச்சி,
ஆனி மாதம்.

அன்பின் நண்பருக்கு,

உமது கடிதம் போன கிழமை கிடைத்தது. முழங்கால் நோவு குறைந்து மறுபடி நடக்கத் தொடங்கிவிட்டீர் என்று அறிந்ததில் எனக்கும் மனைவிக்கும் மிகுந்த ஆறுதல். இங்கே நாங்கள் நலம். மகளின் கல்யாணம் ஆவணியில் என்று முடிவாகிவிட்டது. அதற்குள் வீட்டைத் திருத்த வேண்டும் என்று பேசிக்கொண்டிருந்தபோதுதான், ஹோலின் உட்சுவருக்கு வோல்பேப்பர் ஒட்டலாமா, அது இந்தக் காலத்திலும் நாகரிகமாகத்தான் இருக்கிறதா என்ற கேள்வி எழுந்தது. மகள் ஒட்டத்தான் வேண்டும் என்கிறாள். என் தம்பியோ அது எப்போதோ வழக்கொழிந்த சங்கதி என்று சொல்லி நிற்கிறார். லண்டனுக்குப் போன புதிதில் வீடு வீடாகச் சுவர்த்தாள் ஒட்டிப் பிழைத்தவர் நீர் என்பதால், இதுவரை நான் விசாரித்து அறிந்ததை எழுதி உமது யோசனையைக் கேட்கிறேன்.

உருத்திரபுரத்தில் உங்கள் மண்வீட்டின் உட்சுவர் இன்னமும் என் கண்ணுக்குள் நிற்கிறது. சுவரிலிருந்து மண் உதிராமலிருக்க உம்முடைய அம்மா பழைய வீரகேசரி, ஈழநாடு தாள்களை வரிசையாக ஒட்டியிருந்தார். கோதுமை மாவைக் கரைத்து அடுப்பில் வைத்துக் கிண்டி, பசை இறுகி வரும் வேளையில் ஒரு கிள்ளு மயில்துத்தம் போடுவார். வெள்ளைப் பசை மெல்ல இளநீலமாகும். அதைத் தொட்ட கையை வாயில் வைக்கக்கூடாது என்று எங்களைக் கிணற்றடிக்கு விரட்டுவார். பூச்சி அரிக்காமலிருப்பதற்கு அந்தத் துத்தம். தலைகீழாக ஒட்டுப்பட்டிருந்த ஒரு பக்கத்தைக் கைவிளக்கு வெளிச்சத்தில் நாமிருவரும் கழுத்தைத் திருப்பி வாசித்ததும், கதவுநிலையோரம் வெட்டுப்பட்டுப் போன செய்தியின் முடிவு என்னவாக இருக்கும் என்று நாட்கணக்கில் வாதாடியதும் உமக்கு நினைவிருக்கும். நான் முதன்முதலில் கண்ட சுவர்த்தாள் அதுதான்.

நாகரிகம் பற்றிய கேள்விக்கு வருகிறேன். இந்தப் பொருள் ஒரு தரம் வந்து ஒரு தரம் போனதல்ல. பிரித்தானியாவில் 1712ஆம் ஆண்டிலேயே அச்சிட்ட சுவர்த்தாளுக்கு வரி விதித்திருக்கிறார்கள். வரியிலிருந்து தப்புவதற்காக வெறும் தாளை வாங்கி ஒட்டிவிட்டு, அதன்மேல் அச்சுத் தகடு வைத்துக் கையால் பூ வரைந்துகொண்டவர்கள் இருந்தார்கள் என்பதை வாசித்தபோது, மனிதருக்குத் தமது சுவர்மேல் உள்ள ஆசை எவ்வளவு என்பது விளங்கியது. அந்த வரி 1836இல் நீங்கியது. 1839 அளவில் லங்காஷயரின் டார்வன் நகரில் இயந்திரத்தால் அச்சிடத் தொடங்கினார்கள். தாள் மலிந்து சாதாரண வீடுகளுக்கும் போய்ச் சேர்ந்தது. இயந்திரம் வந்த பிறகும் வில்லியம் மோரிஸ் என்பவர் 1860களில் மரக்கட்டை அச்சையே கையிலெடுத்து, கொடியும் இலையும் பறவையுமாக வரைந்த தாள்களை வெளியிட்டார். அவருடைய வடிவங்கள் இன்றும் அச்சாகின்றன. நூற்றறுபது ஆண்டு கடந்தும் விற்பனையாகும் ஒன்றை வழக்கொழிந்தது என்று எப்படிச் சொல்வது?

இருந்தாலும் தம்பி சொல்வதை முழுப் பிழை என்று தள்ளவும் இயலாது. எழுபதுகளில் லண்டன் வீடுகளில் பெரிய பெரிய பூக்களும் வட்டங்களும் இருந்தன என்றும், மரத்தூள் கலந்த சொரசொரப்பான தாளை உரித்தெடுப்பதற்குள் நகமெல்லாம் தேய்ந்துவிடும் என்றும் நீரே எழுதியிருந்தீர். தொண்ணூறுகளில் அவற்றையெல்லாம் உரித்துவிட்டு வெறும் வெளிர் பெயின்ட் அடிப்பதே வழக்கமாயிற்று. பிறகு அறையின் ஒரு சுவருக்கு மாத்திரம் தாள் ஒட்டும் பழக்கம் வந்தது. இப்போது கணினியில் வரைந்து சுவரின் அளவுக்கே காடும் மலையும் அச்சிட்டுத் தருகிறார்கள். தம்பியின் மனதில் நிற்பது அந்த நடுக்காலம்.

உங்கள் பக்கம் தாளை உரித்த அதே தொண்ணூறுகளில் வன்னிக்குள் சீமெந்து வருவதற்கே தடை இருந்தது. சுவருக்கு என்ன நிறம் என்று கேட்கும் நிலையில் இங்கே எவரும் இருக்கவில்லை. அதற்குப் பிறகு தறப்பாளுக்குள் எத்தனை மாதம் என்பதை உமக்கு நான் எழுதத் தேவையில்லை. 2013இல் இந்திய வீட்டுத்திட்டத்தில் ஐந்தரை இலட்சம் ரூபாய் கட்டங் கட்டமாகக் கிடைத்து இந்த வீடு எழுந்தது. சீமெந்துக்கல் வெளியே தெரிய நான்கு வருடம் இருந்துவிட்டுத்தான் பூச்சு வேலை முடித்தோம். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் என் மனைவி ஒரு சுவரைப் பார்த்து, இதற்கு இது வேண்டும் என்று கேட்டது இதுவே முதல் தடவை. ஆகையால் மற்றவர்கள் எதை நாகரிகம் என்கிறார்கள் என்பதைக் காட்டிலும், ஒட்டுவது நிலைக்குமா என்பதே எனக்கு முக்கியமாகப்படுகிறது.

நிலைக்காது என்பதை ஒரு தரம் பட்டு அறிந்துவிட்டேன். போன வருடம் புரட்டாதியில், டவுனில் ஒரு கடையிலே பின்பக்கம் பசையுள்ள பிளாஸ்டிக் தாளை வாங்கி, வடக்குப் பார்த்த அறைச் சுவரில் ஒட்டினோம். எந்தச் சுவருக்கும் ஒத்துவரும் என்று கடைக்காரர் சொன்னதை நம்பினேன். கார்த்திகை மழை அந்தச் சுவரில் நேரே அடித்தது. மார்கழி நடுவில் பொருத்துகள் வாய் பிளந்தன. மூலையைப் பிடித்து இழுத்தபோது முழுப் பட்டையும் ஒரு சத்தமுமின்றிக் கையோடு வந்தது. பின்பக்கம் முழுவதும் மிளகைத் தூவியது போலக் கறுத்தப் பூஞ்சணம். சுவரில் விரல் வைத்தால் ஈரக் குளிர். அடிப்பக்கம் ஒரு முழ உயரத்துக்கு உப்புப் பூத்து, தொட்டதும் மாவாகக் கொட்டியது. அந்த மணம் தை முடியும் வரை அறையைவிட்டுப் போகவில்லை.

மேசனாரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அத்திவாரத்துக்கு மேலே ஈரம் ஏறாமல் தடுக்கும் டி.பி.சி. படை அந்தப் பக்கத்தில் சரியாகப் போடப்படவில்லை என்றும், நிலத்து நீர் உப்பையும் சேர்த்துக்கொண்டு மேலே ஏறுகிறது என்றும், வெளியே ஆவியாகிப் போகவேண்டிய ஈரத்தைப் பிளாஸ்டிக் தாள் உள்ளே அடைத்துவிட்டது என்றும் விளக்கினார். ஈரச் சுவரும் தாளும் சேர்வது எங்கும் பொல்லாதது போலும். ஐரோப்பாவில் 19ஆம் நூற்றாண்டில் தாளுக்குப் பச்சை நிறம் வருவதற்குச் செம்பும் ஆர்சனிக்கும் கலந்த சாயம் பூசினார்கள் என்றும், ஈரத்தில் பூஞ்சணம் பிடித்தபோது அதிலிருந்து ஆர்சனிக் கலந்த வாயு எழுந்தது என்றும் வாசித்தேன். அம்மாவின் இளநீலப் பசையும் அவர் எங்களை விரட்டியதும் உடனே நினைவுக்கு வந்தன.

இந்த முறை அவசரப்படவில்லை. வைகாசியில் ஒரு சதுர அடிப் பொலித்தீனை உட்சுவரில் நான்கு பக்கமும் நாடா ஒட்டி மூடி, இரண்டு நாள் விட்டுப் பார்த்தேன். உள்ளே ஒரு துளி வியர்க்கவில்லை. குளியலறைப் பக்கச் சுவரில் அதையே செய்தபோது மறுநாட் காலையிலேயே நீர்முத்துக்கள் கோத்து நின்றன. ஆகவே மழை படாத, நிலத்து ஈரமும் ஏறாத இந்த ஒரு சுவருக்கு மாத்திரமே தாள். மற்ற மூன்றுக்கும் பெயின்ட். குசினிப் பக்கம் நினைக்கவே வேண்டாம் என்று மனைவியே சொல்லிவிட்டார்.

இங்கே சலூன்களிலும் தொலைபேசிக் கடைகளிலும் செங்கல் போலத் தோற்றும் மெத்துத் தகடுகளை ஒட்டுகிறார்கள். எனக்கு அதில் மனம் ஒட்டவில்லை. நொன்வோவன் என்று நீர் குறிப்பிட்ட நார்த்தாள்தான் வேண்டும். ஈர ஆவி ஓரளவு ஊடுருவிப் போகும், பசையைச் சுவரில் பூசினாற் போதும், பிற்காலத்தில் வேண்டாமென்றால் காய்ந்தபடியே பட்டையாக உரித்துவிடலாம் என்பவை இவ்விடத்துக்குப் பெரிய வசதிகள்.

சுவர் 12 அடி அகலம், 9 அடி உயரம். ஒரு ரோல் 53 சென்ரிமீற்றர் அகலமும் 10.05 மீற்றர் நீளமும் என்றால் அகலத்துக்கு ஏழு பட்டை வரும். பூ வடிவம் 53 சென்ரிமீற்றருக்கு ஒருமுறை திரும்பி வருவதாக வைத்தால், பூவோடு பூ பொருந்த ஒவ்வொரு பட்டையையும் 3.18 மீற்றராக வெட்ட வேண்டும். ஒரு ரோலில் மூன்று பட்டைக்கு மேல் தேறாது. பரப்பளவை மட்டும் வகுத்துப் பார்த்து இரண்டு ரோல் போதும் என்றாள் மகள். கணக்கு வாத்தியாரின் மகள் பொருத்தை மறந்துவிட்டாள் என்று சொல்லி, தாளில் கீறிக் காட்டினேன். மூன்று ரோல் வேண்டும். இரண்டு பட்டை மிஞ்சுவது பின்னால் திருத்த வேலைக்கு உதவும். மூன்றிலும் ஒரே தொகுதி எண் இருக்கிறதா என்று கடையிலேயே பார்த்து வாங்கும். எண் மாறினால் நிறமும் மாறிவிடும் என்று எனக்குச் சொல்லித் தந்தவர் நீர்தான்.

வடிவத்தில் மனைவிக்கு ஒரே விருப்பம்: வெளிர் நிறத்தில் பச்சைக் கொடி, இடையிடையே சிறு வெள்ளைப் பூ. பெரிய பூ வேண்டாம். விலையை மறைக்காமல் எழுதும்; உமது அண்ணர் வீட்டில் கொடுத்துவிடுகிறேன்.

ஆடிக் கடைசிக்குள் தாள் வந்து சேர்ந்தால் நல்லது. சோளகம் வீசும் இந்நாட்களில் சுவர் நன்றாகக் காய்ந்திருக்கும். ஆனால் அந்தக் காற்றில் பசை நேரத்துக்கு முன்னரே இறுகிவிடும் என்று பயப்படுகிறேன். யன்னல்களைப் பூட்டிவிட்டு விடியற்காலையில் ஒட்டினால் சரிவருமா, அல்லது பசையில் தண்ணீரைக் கூட்டலாமா என்று எழுதும். தூக்குக்குண்டு மேசனாரிடம் இருக்கிறது. முதற் பட்டை செங்குத்தாக நின்றால்தான் மற்ற ஆறும் நிற்கும் என்பதால் அதில் கைவைக்க எனக்குத் துணிவில்லை. கல்யாணத்துக்கு எப்படியும் வருகிறீர் அல்லவா? ஒரு கிழமை முந்தி வாரும். பசையை நான் கலக்கி வைக்கிறேன். முதற் பட்டையை நீர் ஒட்டும்.

இப்படிக்கு,
உமது பழைய வகுப்புத் தோழன்