அன்னா சாண்டியின் படத்துக்குக் கீழே என்ன எழுதப் போகிறோம்?

குமரி மாவட்ட வழக்கறிஞர் சங்கங்களின் நிர்வாகிகளுக்கும் மூத்த வழக்கறிஞர்களுக்கும் வணக்கம்.

இந்த மாவட்டத்துக் கோர்ட்டுகளில் தொழில் செய்யும் பெண்களில் நானும் ஒருத்தி. மகளிர் தினம் வந்தால் எந்தச் சங்கத்திலும் ஒரு கூட்டம் நடக்கும். சால்வை போடுவார்கள். யாராவது ஒருவர் மைக் பிடித்து, "இந்தியாவின் முதல் பெண் நீதிபதி அன்னா சாண்டி" என்று ஒரு வரி சொல்லிவிட்டு அடுத்த பெயருக்குத் தாவிவிடுவார். அவருடைய படம் நம் சங்க அறைகளில் இருக்க வேண்டும் என்று கேட்கத்தான் இந்த மடல். படத்தை மாட்டுவதில் யாருக்கும் பெரிய ஆட்சேபம் இருக்காது என்று நினைக்கிறேன். எனக்குக் கவலை அதன் கீழே வரப்போகும் வாசகத்தைப் பற்றித்தான்.

கேரளத்துக்காரர் படம் நமக்கு எதற்கு என்று கேட்பவர்களுக்கு முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். 1956 நவம்பர் 1 வரை நம் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் நான்கும் திருவிதாங்கூரிலும், பிறகு திருவிதாங்கூர்-கொச்சியிலும் இருந்தவை. அன்னா சாண்டி வாதாடியதும், தேர்தலில் நின்றதும், முன்சீப் என்ற கீழமை நீதிபதி ஆனதும் நம் தாத்தா பாட்டிகள் குடிகளாக இருந்த அதே சமஸ்தானத்தில்தான். அவர் உறுப்பினராக உட்கார்ந்த ஸ்ரீமூலம் பிரஜா சபை, அதாவது சமஸ்தானத்து மக்கள் பிரதிநிதிகள் சபை, நம் நாஞ்சில் நாட்டுக்கும் சேர்த்துத்தான் சபை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். 1905இல் பிறந்த இவர் 1926இல் சட்டப் பட்டம் வாங்கினார். அந்தப் பகுதியில் சட்டம் படித்துப் பட்டம் பெற்ற முதல் பெண். 1929 முதல் வக்கீல் தொழில், அதுவும் கிரிமினல் பக்கம். இன்றைக்கும் நம்மிடம் ஜூனியராகச் சேரும் பெண்களுக்கு "உனக்குச் சிவில் போதும்மா, கிரிமினல் வேண்டாம்" என்று அன்போடு ஆலோசனை சொல்லும் சீனியர்கள் இந்த வரியை இன்னொரு முறை படிக்கலாம். 'ஸ்ரீமதி' என்று மலையாளத்தில் ஒரு பத்திரிகையும் நடத்தினார்.

அப்போது திருவனந்தபுரத்தில் பெண்களுக்கு, குறிப்பாகக் கல்யாணமான பெண்களுக்கு, சர்க்கார் வேலை கொடுக்கலாமா என்று விவாதம் நடந்துகொண்டிருந்தது. கொடுக்கக் கூடாது என்று பேசியவர் டி.கே. வேலுப்பிள்ளை. திருவிதாங்கூர் ஸ்டேட் மேனுவல் என்ற சமஸ்தான விவர நூலைப் பின்னாளில் எழுதிய அதே பெரியவர்தான். இருபதுகளில் இருந்த அன்னா சாண்டி மேடையேறி, எதிர்த்தரப்பு வக்கீலின் வாதத்தை உடைப்பதுபோல, அவர் சொன்ன காரணங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டு உடைத்தார்.

இப்படிப் பேசத் தெரிந்த பெண் தேர்தலில் நின்றால் என்ன நடக்கும் என்று நம்மில் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. 1931இல் பிரஜா சபைக்குப் போட்டியிட்டார். எதிராளிகள் அவருடைய கொள்கையைத் தொடவே இல்லை. சமஸ்தானத்தின் தலைமை அமைச்சரான திவானோடும் அதிகாரிகளோடும் அவருக்குத் தொடர்பு என்று கதை கட்டினார்கள். ஆபாச நோட்டீஸ் போட்டார்கள். பத்திரிகைகளும் தம் பங்குக்குக் கிண்டல் செய்தன. அவருடைய கணவர் போலீஸ் அதிகாரி. அதுகூட யாரையும் தயங்க வைக்கவில்லை.

இந்த மாதிரி நேரத்தில் பெண்களுக்கு வழக்கமாகக் கிடைக்கும் அறிவுரை, "கண்டுகொள்ளாதே, பதில் சொன்னால் இன்னும் பெரிசாகும்" என்பது. அன்னா சாண்டி கண்டுகொண்டார். தன் சொந்தப் பத்திரிகையின் தலையங்கத்திலேயே அந்த அவதூறுகளை எடுத்து வைத்துக் காரசாரமாகப் பதில் எழுதினார். அப்புறம் 1932 முதல் 1934 வரை சபையில் உறுப்பினராக இருந்தார். பெண்கள் விஷயத்தை மட்டும் பேசிவிட்டு உட்கார்ந்துவிடாமல் வரவு செலவுத் திட்டத்தையும் விவாதித்தார்.

எல்லோரும் கைதட்டுகிற மாதிரி மட்டும் பேசியவரும் இல்லை அவர். திருவிதாங்கூரில் பெண்களுக்குத் தூக்குத் தண்டனை கிடையாது. சமத்துவம் கேட்கிறவர்கள் சலுகையை மட்டும் எப்படி வைத்துக்கொள்ள முடியும் என்ற கோணத்தில் அந்த விலக்கையே எதிர்த்தார். எனக்கு இதில் உடன்பாடில்லை. தூக்கே யாருக்கும் வேண்டாம் என்கிற கட்சி நான். ஆனால் தனக்குச் சாதகமான இடத்திலும் வாதத்தை வளைக்காத ஒரு வக்கீலை இதில் பார்க்கிறேன். 1935இல் திருவனந்தபுரத்தில் அகில இந்திய மாதர் மாநாடு நடந்தபோது கருத்தடை பற்றியும் தாய்நலம் பற்றியும் சொல்லித்தர மருத்துவ நிலையங்கள் வேண்டும் என்றார். சொத்தும் ஓட்டும் வேலையும் கிடைத்த மலையாளப் பெண்களில் எத்தனை பேருக்குத் தங்கள் உடம்பின் மேல் உரிமை இருக்கிறது என்று கேட்டார். சிரியன் கிறிஸ்தவக் குடும்பத்துப் பெண் பொது மேடையில் இதைப் பேசுகிறார். அவருடைய சமூகத்துப் பெண்களே எதிர்த்தார்கள்.

1937இல் அப்போதைய திவான் சர் சி.பி. ராமசாமி ஐயர் அவரை முன்சீப் ஆக்கினார். சி.பி.யைப் பற்றி நல்லதாகப் பேசுகிறவர்கள் திருவிதாங்கூரில் குறைவு, அதற்கு நியாயமான காரணங்களும் உண்டு. ஆனாலும் மெட்ராஸ் வக்கீலாக வளர்ந்த அந்த மனிதர் இதைச் செய்தார், அதையும் கணக்கில் வைக்கத்தான் வேண்டும். 1948இல் மாவட்ட நீதிபதி. 1959 பிப்ரவரியில் கேரள உயர் நீதிமன்ற நீதிபதி, 1967 வரை. பிறகு சட்ட ஆணையம். இந்தப் பகுதி எல்லோருக்கும் தெரியும், கூகுளில் முதல் வரியிலேயே வந்துவிடும்.

நாம் மேடையில் சொல்வதும் இந்தப் பகுதியைத்தான். "முதல் பெண் நீதிபதி" என்ற பட்டம் யாரையும் உறுத்தாது. ஒரு திவான் பார்த்துக் கொடுத்த பதவி, பதிலுக்கு அவர் கொடுத்த நேர்மையான உழைப்பு, அவ்வளவோடு கதை முடிந்துவிடும். ஓட்டுக் கேட்டு வீதிக்கு வந்தவர், நோட்டீஸில் அசிங்கப்படுத்தப்பட்டவர், அதற்குத் தன் பத்திரிகையிலேயே பதில் எழுதியவர் என்று சொல்ல ஆரம்பித்தால், அந்த நோட்டீஸை எழுதியது யார் என்ற கேள்வியும் கூடவே வரும்.

ஒப்பிட்டுப் பாருங்கள். குமரியைத் தமிழகத்தோடு இணைக்கப் போராடிய மார்ஷல் நேசமணி ஐயாவும் வக்கீல்தான். நாகர்கோவில் கோர்ட்டில் சாதி பார்த்துப் போட்டிருந்த முக்காலியை அவர் தூக்கி எறிந்த கதையைக் கேட்காமல் இந்த மாவட்டத்தில் ஒருவரும் கவுன் மாட்டுவதில்லை. அவர் வாதாடியது, போராடியது, மக்களவைக்குப் போனது எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்கிறோம். அரசியலைக் கழித்துவிட்டு "சிறந்த வழக்கறிஞர் நேசமணி" என்று எழுதினால் சும்மா இருப்போமா? அன்னா சாண்டிக்கு மட்டும் அந்த நடுப் பக்கத்தைக் கிழித்துவிடுகிறோம்.

இது பழங்கதை இல்லை. சங்கத் தேர்தல் நேரத்தில் ஒரு பெண் செயலாளர் பதவிக்கு மனு போட்டால் வாட்ஸ்அப்பில் என்ன சுற்றுகிறது என்று உங்களுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். எந்த ஊர், எந்த ஆண்டு என்று இங்கே எழுதப்போவதில்லை. "அவளுக்கு எந்த சீனியர் பின்னால் இருக்கிறார்" என்ற கேள்விக்கும் 1931இன் திவான் கதைக்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. 2024 மே மாதம் உச்ச நீதிமன்றம், தன் வளாகத்தில் இயங்கும் வழக்கறிஞர் சங்கத்தின் நிர்வாகக் குழுவில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கு இடம் பெண்களுக்கு என்று உத்தரவிட்டது. இடம் வந்தால் போட்டியிடுவோரும் வருவார்கள். அவதூறுக்குப் பதில் சொல்லும் வேலையை அந்தந்தப் பெண்ணின் தலையில் போட்டுவிட்டு மற்றவர்கள் வேடிக்கை பார்ப்பதா என்பதைச் சங்கங்கள் இப்போதே முடிவு செய்ய வேண்டும்.

ஆகவே, அடுத்த பொதுக்குழுவில் இரண்டு தீர்மானங்களை வைக்கக் கோருகிறேன். சங்கத் தேர்தலில் நிற்கும் யாரைப் பற்றியும் நடத்தை தொடர்பான அவதூறு பரவினால், பாதிக்கப்பட்டவர் புகார் தரும்வரை காத்திருக்காமல் தேர்தல் அதிகாரியே விசாரித்து, அனுப்பியவர் உறுப்பினராக இருந்தால் அவரை அந்தத் தேர்தலில் நிற்கவும் ஓட்டுப் போடவும் விடாமல் நிறுத்த வேண்டும். இதற்கு விதியில் திருத்தம் தேவைப்பட்டால் வரைவு எழுதித் தர நாங்கள் சில பேர் தயாராக இருக்கிறோம்.

இரண்டாவது, படம். செலவை நாங்களே பிரித்துக்கொள்கிறோம். கீழே வரும் வாசகம் மட்டும் இப்படி இருக்கட்டும்: "அன்னா சாண்டி, 1905–1996. கிரிமினல் வழக்கறிஞர், 'ஸ்ரீமதி' ஆசிரியர். 1931இல் தேர்தலில் நின்றார், தன் மீது வந்த அவதூறுக்கு எழுத்தில் பதில் தந்தார், 1932 முதல் ஸ்ரீமூலம் பிரஜா சபை உறுப்பினர். 1937இல் முன்சீப், 1959இல் உயர் நீதிமன்ற நீதிபதி." நீளமாக இருக்கிறது என்று வெட்டத் தோன்றினால் கடைசி வரியிலிருந்து வெட்டத் தொடங்குங்கள்.

இப்படிக்கு,
உங்கள் சங்கத்து உறுப்பினர் ஒருத்தி