குறுக்கே வந்த ஆள்

அன்புள்ள கண்ணு,

ஞாயிற்றுக்கிழமை போனில் நீ சொன்னதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். உங்கள் கிடங்கில் சாமான் தூக்கிப்போகும் ரோபோ, ஒரு ஆள் குறுக்கே வந்ததும் டக்கென்று நின்றுவிட்டதாம். "அசிமோவின் முதல் விதிப்பா" என்று சிரித்தாய். கதாசிரியர் அசிமோவ் தன் கதை ரோபோக்களுக்கு வைத்த மூன்று விதிகளில் முதலாவது, மனிதனுக்குத் தீங்கு வரவிடக் கூடாது என்பது; இரண்டாவது, மனிதன் இட்ட கட்டளைக்குப் பணிவது; மூன்றாவது, தன்னைக் காத்துக்கொள்வது. நானும் சிரித்தேன். அப்புறம் பரணில் ஏறி அவருடைய அந்தப் பழைய புத்தகத்தை இறக்கினேன். மூன்று விதிகளுக்கும் கீழே நீ பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது போட்ட பென்சில் கோடு அப்படியே இருக்கிறது. கதையில் ஒரு இடத்திலும் கோடு இல்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

1942இல் வந்த 'ரன்அரவுண்ட்' கதையை இன்னொரு தடவை படி. புதன் கிரகத்தில் செலினியம் என்ற தனிமம் எடுத்து வரப்போன ஸ்பீடி என்ற ரோபோ, அது கிடக்கும் குட்டையைச் சுற்றிச் சுற்றி வருகிறது. கிட்டே போனால் உடம்புக்கு ஆபத்து, தள்ளி வந்தால் கட்டளை இழுக்கிறது. குடித்தவன் மாதிரி பாட்டு வேறு. அனுப்பியவன் அவசரம் என்று சொல்லாமல் போகிறபோக்கில் சொல்லியிருக்கிறான். ஆனால் எனக்கு உறைத்தது இன்னொரு காரணம். ஸ்பீடிக்கு ஒரு போர்க்கப்பலின் விலை. அதனால், தன்னைக் காத்துக்கொள்ளச் சொல்லும் மூன்றாவது விதியை அதற்குக் கூடுதலாக முறுக்கி வைத்திருக்கிறார்கள். நான் லேத்தில் நின்ற காலத்தில் புது மெஷினுக்கு வந்த அன்றே உறை தைத்துப் போட்டார்கள். எங்களுக்குக் கண்ணைக் காக்கும் கண்ணாடி கேட்டால் அடுத்த மாதம் பார்க்கலாம் என்பார்கள். கடைசியில் கதையில் வரும் பவல், கொதிக்கும் வெயிலில் தானே இறங்கி நின்று, தன் உயிரைப் பணயம் வைத்துத்தான் அந்த முதல் விதியை எழுப்புகிறான். நீ சொன்ன விதி சும்மா வேலை செய்யவில்லை, பார்த்தாயா?

ரோபோ என்ற சொல்லே அதற்கு இருபது வருஷம் முந்தியது. காரெல் சாபெக் என்ற செக் எழுத்தாளரின் நாடகம், 1921இல் பிராகில் மேடையேறியது. செய்யப்பட்ட வேலையாட்களுக்கு என்ன பெயர் வைப்பது என்று அவர் அண்ணன் யோசெஃபிடம் கேட்டாராம். அண்ணன் ஓவியர். வாயில் தூரிகையைக் கவ்வியபடியே "ரோபோட் என்று வையேன்" என்று முணுமுணுத்தாராம். செக் மொழியில் 'ரோபோட்டா' என்றால் பண்ணையாருக்குக் குடியானவன் கூலியில்லாமல் செய்யவேண்டிய வேலை. 1848இல்தான் அதை அங்கே ஒழித்தார்கள். அந்த அண்ணன் தம்பிக்கு அது தாத்தா காலத்துச் சொல்.

நம்மிடமும் அப்படி ஒரு சொல் உண்டு. சோழர் கல்வெட்டுகளில் 'வெட்டி' என்றால் ஊதியமில்லாக் கட்டாய உழைப்பு. இன்று நாம் வெட்டி வேலை என்றால் உதவாத வேலை என்கிறோம். உன் கொள்ளுத்தாத்தா வரப்பில் நின்றதை இப்படியொரு சொல்லில் சுருக்கிவிட்டோமே என்று எனக்குக் கொஞ்சம் கோபம்தான். சரி, அது வேறு கதை.

சாபெக்கின் ரோபோக்கள் இரும்பு அல்ல, சதை மாதிரி ஒன்றில் வார்த்தவை. வலி தெரியாததால் கையைக் காலை உடைத்துக்கொள்கின்றன. தொழிற்சாலைக்கு அது நஷ்டம். ஆகவே அவற்றுக்கு வலி கொடுக்கப் பார்க்கிறார்கள். இரக்கத்தால் இல்லை, செலவைக் குறைக்க. அந்த இடத்தில் நாடகப் புத்தகத்தை மூடிவிட்டுக் கொஞ்ச நேரம் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன்.

முடிவு உனக்குத் தெரியும். ரோபோக்கள் எழுந்து மனிதர்களைக் கொன்றுபோடுகின்றன. அல்க்விஸ்ட் என்ற கட்டடக்காரரை மட்டும் விட்டுவைக்கின்றன. தங்களைப் போலவே கையால் வேலை செய்கிறவர் என்பதுதான் காரணம். அந்தக் கணக்கில் எனக்கு உயிர்ப்பிச்சை கிடைத்துவிடும். நாளெல்லாம் திரையைப் பார்க்கிற உன் பாடுதான் சந்தேகம். அம்மாவிடம் சொன்னேன், "தினம் மாவாட்டினேனே, நானும் தப்பிப்பேன்" என்கிறாள்.

ஒன்றே ஒன்று கேட்கணும். ரோபோ நின்றதைச் சொன்னாய், எத்தனை நொடியில் நின்றது என்றுகூடச் சொன்னாய். குறுக்கே வந்த அந்த ஆள் யார்? எதற்காக அப்படி ஓடிவந்தார்? எந்த ஊர்க்காரர்? அடுத்த ஞாயிறு பேசும்போது விசாரித்துச் சொல்லு.

அன்புடன்,
அப்பா