முகாம் அடுப்பை மண் போட்டு மூடாதீர்கள்

மெல்பனிலிருந்து விக்டோரியாவின் காடுகளுக்கு முகாம் போகும் தமிழ்க் குடும்பக் குழுக்களுக்கு,

வணக்கம். நீண்ட வார இறுதி முடிந்து கூடாரங்கள் கிளம்பியதும் பூங்கா ஊழியர்கள் விட்டுப்போன அடுப்புகளைத் தேடி இறங்குகிறார்கள். பொது நிலத்தில் காட்டுத்தீ பிடித்தால் ஓடுவதும் இவர்கள்தான். வனத்துறையினரோடு சேர்ந்து 'ஃபாரஸ்ட் ஃபயர் மேனேஜ்மென்ட் விக்டோரியா' என்ற ஒரே அணியாக வேலை செய்கிறார்கள்.

ஜீப்பின் பின்னால் சுமார் 400 லிட்டர் தண்ணீர், ஒரு பம்பு, ஒரு குழாய்ச்சுருள். பெரிய தீக்கு இது எந்த மூலைக்கு? அதனால் ஒரு பக்கம் வாரியும் மறுபக்கம் மண்வெட்டியுமான ரேக்-ஹோவால் சருகை வழித்து, தீ தாண்டாதபடி, வெறும் மண் தெரியும்வரை கோடு இழுப்பார்கள். தீ அடங்கிய பிறகுதான் அலுப்பூட்டும் வேலை: கோட்டோரமாக நடந்து, புறங்கையை அருகே கொண்டுபோய்ச் சூடு பார்த்து, கட்டைகளைப் புரட்டிப் புரட்டி நனைப்பது. வேருக்குள் புகுந்த கங்கு கோட்டுக்கு அடியாகவே போய், சில நாள் கழித்து மறுபுறம் கிளம்பும்.

உங்கள் அடுப்புக்கும் இதே கதை. மண் போட்டால் தணல் அணையாது, சூடு உள்ளேயே தங்கும். நீறு பூத்த நெருப்பை உவமையாகவே சொல்லிப் பழகிவிட்டோம். மறுநாள் காலை அதில் கால் வைக்கும் குழந்தைக்கு அது உவமை இல்லை. குறைந்தது 10 லிட்டர் தண்ணீரைத் தனியாக வையுங்கள். ஊற்றி, கிளறி, மறுபடி ஊற்றுங்கள். சீறல் நின்றால் போதாது. தொட்டால் குளிர்ந்திருக்க வேண்டும்.

மூட்டும்போது: கட்டிவைத்த அடுப்பு இல்லாத இடத்தில் 30 செ.மீ. ஆழக் குழி வெட்டுங்கள். தீ 1 சதுர மீட்டருக்குள் இருக்கட்டும். சுற்றிலும் 3 மீட்டருக்கு எரியக்கூடியது எதுவும் கூடாது, மேலேயும் அப்படித்தான். இந்த 'மேலே'யைத்தான் பலர் மறந்து, கிளைக்கடியில் மூட்டிவிடுகிறார்கள். யாராவது ஒருவர் 50 மீட்டருக்குள், தீ கண்ணில் படும்படி இருக்க வேண்டும். முழுத் தீத்தடை (Total Fire Ban) அறிவித்த நாளில் விறகும் கிடையாது, கரியும் கிடையாது.

இன்னொன்று. இலையுதிர்காலத்தில், பெருந்தீயைத் தடுக்க ஊழியர்களே சருகைத் திட்டமிட்டு எரிப்பதால் உங்கள் முகாம் முன்பதிவு ரத்தானால், அவர்களைத் திட்டாதீர்கள். அப்படி எரிப்பதற்கு மேல்சருகு காய்ந்தும் அடிச்சருகு ஈரமாகவும் இருக்க வேண்டும், காற்றும் அடங்க வேண்டும். எல்லாம் கூடிவரும் நாட்கள் கொஞ்சம்தான். முடிவு கடைசி நேரத்தில்தான் வரும். கிளம்புமுன் மாநிலத்தின் அவசரகால எச்சரிக்கைச் செயலியான விக்எமர்ஜென்சியைப் (VicEmergency) பாருங்கள்.

இப்படிக்கு,
விக்டோரியாவின் காட்டுத்தீப் பணியை அறிந்தவர்கள்