டைட்டானியத்தில் டூல் உடைந்தால் பையன்களின் சம்பளத்தில் கைவைக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோவைக்கு ராணுவத் தளவாட, விண்வெளி உதிரிபாக ஆர்டர்கள் வருவதைப் பற்றித் தங்கள் நாளிதழில் அடிக்கடி செய்தி வெளியாகிறது. 2019 ஜனவரியில் தமிழ்நாடு பாதுகாப்புத் தொழில் வழித்தடம் திருச்சியில் தொடங்கிவைக்கப்பட்டபோது சென்னை, ஓசூர், சேலம், திருச்சியோடு கோவையும் அதில் இடம்பெற்றது. இன்று கணபதி, பீளமேடு, குறிச்சிப் பக்கத்துச் சிறிய ஒர்க்‌ஷாப்களிலும் டைட்டானியம் ஜாப் (வெட்டித் தர வேண்டிய உதிரிபாகம்) ஓடுகிறது. ஆனால் அந்த உலோகத்தை எப்படி வெட்டுவது என்று மிஷினில் நிற்கும் பையன்களுக்கு யாரும் உட்கார்ந்து சொல்லித் தருவதில்லை. அதன் பலனை அவர்கள் தங்கள் சம்பளத்தில் அனுபவிக்கிறார்கள்.

நான் சிஎன்சி மில்லிங் புரோகிராமர், அதாவது கணினி வழி இயங்கும் வெட்டு மிஷினுக்குக் கட்டளை எழுதுவது என் வேலை. அண்மையில் எனக்குத் தெரிந்த ஓர் ஒர்க்‌ஷாப்பில் 12 மி.மீ. கார்பைடு எண்ட் மில் (சுழன்று வெட்டும் மிகக் கடினமான டூல்; கட்டர் என்றும் சொல்வோம்) அடுத்தடுத்து உடைந்தது. அதன் விலையை ஆபரேட்டரின் சம்பளத்தில் பிடித்துக்கொண்டார்கள். ஐடிஐ முடித்து வந்து அதிக நாள் ஆகாத பையன். “ஃபீடக் கம்மி பண்ணி மெதுவாத்தானுங்கண்ணா ஓட்டுனேன், அப்பவும் போயிருச்சுங்க” என்றான். அவன் சொன்னது உண்மை. ஃபீடை, அதாவது டூல் ஜாப்புக்குள் முன்னேறும் வேகத்தை, குறைத்ததால்தான் டூல் போனது. அதைக் குறைக்கச் சொன்னதே அங்கிருந்த பெரியவர்கள்தான்.

நம் ஊர் பம்புக்கும் கிரைண்டருக்கும் பேர்போன ஊர். வார்ப்பிரும்பு வெட்டிப் பழகிய கைகள் நம்முடையவை. அதைக் கூலன்ட் (குளிர்விக்கும் திரவம்) இல்லாமலே வேகமாக வெட்டலாம். சத்தம் மாறினால் மிஷின் ஓடும்போதே ஃபீடை மாற்றும் ஓவர்ரைடு குமிழைத் திருப்பிக் குறைத்தால் போதும், தப்பித்துவிடும். டைட்டானியம் கிரேடு 5, அதாவது 6 சதவீதம் அலுமினியமும் 4 சதவீதம் வனேடியமும் கலந்தது, அப்படிப்பட்டதல்ல. சாதாரண கார்பன் எஃகு சூட்டைக் கடத்தும் அளவு 50 என்றால் இது 7ஐக்கூடத் தொடாது. எஃகை வெட்டும்போது சூட்டின் பெரும்பகுதியைச் சிப் (வெட்டி வரும் சீவல்) தூக்கிக்கொண்டு வெளியே போய்விடும். இங்கே அந்தச் சூடு டூல் முனையில் தேங்குகிறது. சூடேறிய டைட்டானியத்துக்குக் கார்பைடில் ஒட்டிக்கொள்ளும் குணம் வேறு. ஒட்டிய துணுக்கு அடுத்த சுற்றில் ஜாப்பில் மோதிப் பிய்ந்து போகும்போது கார்பைடிலும் ஒரு பொடியைக் கூடவே பிய்த்துக்கொண்டு போகும். 10 மடங்கு பெரிதாக்கிக் காட்டும் லூப்பில் பார்த்தால் வெட்டும் விளிம்பு எலி கொறித்ததுபோல் தெரியும்.

ஆகவே ஸ்பீடை, அதாவது டூல் சுழலும் வேகத்தை, குறைக்க வேண்டும் என்பது சரி. கார்பைடில் ரஃபிங் (முதலில் எடுக்கும் முரட்டு வெட்டு) என்றால் நிமிடத்துக்கு 50 முதல் 60 மீட்டர், 12 மி.மீ. கட்டருக்கு 1,460 ஆர்பிஎம் அளவில் வரும். எஃகுக்கு வைப்பதுபோல் இரண்டு மூன்று மடங்கு வைத்தால் முனை எரிந்துவிடும். ஆனால் ஸ்பீடைக் குறைக்கும் அதே பயத்தில் ஃபீடையும் குறைத்துவிடுகிறார்கள்.

அந்தப் பையன் ஓட்டிய ஜாப்பையே கணக்குப் போட்டுப் பார்த்தேன். நான்கு பல் கட்டர், பல்லுக்கு 0.06 மி.மீ. ஃபீட். நிமிடத்துக்கு 350 மி.மீ. பக்கவாட்டில் 1.2 மி.மீ. மட்டும் எடுக்கும் வெட்டு. விட்டத்தில் பத்தில் ஒரு பங்கே பக்கத்தில் எடுக்கும்போது உண்மையான சிப் தடிமன் 0.06 வராது, 0.036தான் வரும். அதாவது 36 மைக்ரான். ஓவர்ரைடை 40 சதவீதத்துக்கு இறக்கினால் அது 14 மைக்ரான் ஆகிவிடும். கார்பைடு விளிம்பைப் பார்க்கக் கூர்மையாக இருந்தாலும், உதிராமல் இருக்க அதைச் சற்றே மழுக்கித்தான் தயாரிக்கிறார்கள். அந்த மழுக்கலும் ஏறக்குறைய இதே அளவுதான் இருக்கும். பிறகு டூல் எங்கே வெட்டும்? மேலே தேய்த்துக்கொண்டே போகும். சிப்பும் வராது, சூடும் போகாது. பக்கவாட்டு வெட்டு குறையக் குறைய ஃபீடைக் கூட்ட வேண்டுமே ஒழிய, குறைக்கக் கூடாது. சத்தம் வந்தால் குமிழில் கை வைக்காமல் புரோகிராமில் ஆழத்தையோ பக்க அளவையோ மாற்றச் சொல்ல வேண்டும். அதைக் கேட்க ஆபரேட்டருக்கு உரிமை இருக்க வேண்டும்.

டூல் உள்ளே நுழையும் விதமும் அப்படித்தான். ஜாப்பின் ஓரத்தில் நேராகக் கொண்டுபோய் இறக்கும் புரோகிராம்களை இன்றும் பார்க்கிறேன். நேராக நுழைந்தால், முழுதாக உள்ளே போகும்வரை ஒவ்வொரு பல்லும் தடித்த சிப்போடு வெளியேறும். அப்போதுதான் விளிம்பு அதிகம் உதிர்கிறது. ஒரு வளைவில் சுழற்றி உள்ளே கொண்டுவந்தால் சிப் தடிமனாகத் தொடங்கி மெல்லியதாக முடியும். அப்படியே வெட்டும் கிளைம்ப் மில்லிங் முறை வேண்டும் என்பதும் இதற்காகத்தான். புரோகிராமில் கூடுதலாக ஒரே ஒரு வரி. இதை எழுதாமல் விட்டது என்னைப் போன்ற புரோகிராமர் வேலை. ஆபரேட்டர் தலையில் அதைக் கட்டுவது நியாயமில்லை.

கட்டரைப் பிடித்திருக்கும் ஹோல்டரைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. தேய்ந்துபோன கோலெட்டில் (ஹோல்டருக்குள் கட்டரை இறுக்கும் வளையம்) கட்டரை மாட்டி, டயல் (நுண்ணிய அளவு காட்டும் கருவி) வைத்துப் பார்க்காமலே ஓட்டுகிறார்கள். 30 மைக்ரான் ரன்-அவுட் (சுழலும்போது கட்டரின் தள்ளாட்டம்) இருந்தால், பல்லுக்கு 60 மைக்ரான் என்று நாம் போட்ட கணக்கைவிட ஒரு பல் அதிகச் சுமை தாங்கும். அந்தப் பல் முதலில் உதிரும், மற்றவை அதைத் தொடரும். 10 மைக்ரானுக்குள் இருந்தால்தான் டைட்டானியத்தில் வைக்கலாம். கட்டர் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் நீளத்தை ஒன்றரை மடங்காக்கினால் வளைவு மூன்று மடங்குக்கும் மேல் கூடும். எட்டுகிற அளவுக்கு மேல் ஒரு மில்லிமீட்டர்கூட நீட்ட வேண்டாம்.

கூலன்ட் விஷயத்தில் நம் ஊருக்கென்றே ஒரு சிக்கல். பல இடங்களில் போர்வெல் தண்ணீரையே கலக்கிறார்கள். உப்பும் சுண்ணாம்பும் நிறைந்த தண்ணீரில் கூலன்ட் எண்ணெய் பிரிந்துவிடும். டைட்டானியத்துக்குக் குளோரைடும் ஆகாது. ஆர்ஓ தண்ணீர் ஊற்றி, ரிஃப்ராக்டோமீட்டரில் (கலவையின் அடர்த்தி காட்டும் கருவி) 8 முதல் 10 சதவீதம் வருகிறதா என்று பார்ப்பது பெரிய செலவில்லை. குழாய் முனை விலகி, தண்ணீர் விட்டுவிட்டுப் பட்டால் கார்பைடு சூடாகிக் குளிர்ந்து சூடாகி வெடிப்பு விடும். சிப்பை அங்கிருந்து அடித்துத் தள்ளவும் தண்ணீருக்கு வேகம் வேண்டும்; வெட்டிய சிப்பையே மறுபடி வெட்டினால் விளிம்பு உடையும்.

இன்னொன்று, பலருக்குத் தெரியாதது. ஒவ்வொரு பாஸிலும் (டூல் ஒருமுறை வெட்டிப் போகும் ஓட்டம்) ஒரே ஆழம் வைத்தால், அந்த ஆழக்கோட்டில் மட்டும் டூலில் ஒரு பள்ளம் விழும். 3 மி.மீ., பிறகு 2.6, பிறகு 2.8 என்று மாற்றிக் கொடுத்தால் தேய்மானம் பரவிவிடும்.

மழுங்கிய டூலைக் “கடைசி பீஸ்தானே” என்று ஓட்டுவது டூலோடு நிற்பதில்லை. மெல்லிய டைட்டானியம் சிப் தீப்பிடிக்கும். தீப்பிடித்தால் அதில் தண்ணீர் ஊற்றக் கூடாது, தீ பெருகும். காய்ந்த மணலோ, உலோகத் தீக்கான ‘டி’ வகை அணைப்பானோதான் வேண்டும். டைட்டானியம் ஓட்டும் மிஷின் அருகில் ஒரு வாளி மணலைக்கூட வைக்காத ஒர்க்‌ஷாப்களை நான் பார்த்திருக்கிறேன். முதலாளிகள் இதை நாளைக்கே செய்ய வேண்டும்.

அவர்களிடம் என் வேண்டுகோள் இதுதான்: டூல் உடையும்வரை ஓட்டாதீர்கள். டூல் விளிம்பின் பக்கத் தேய்மானம் 0.3 மி.மீ. ஆகும்போதோ, அதற்கு எத்தனை நிமிடம் ஆகிறது என்று குறித்து அந்த நேரத்துக்கு முன்போ மாற்றச் சொல்லி எழுதி வையுங்கள். அந்த நேரத்தைத் தாண்டாத டூல் உடைந்தால் விசாரிக்க வேண்டியது புரோகிராமையும் ஹோல்டரையும்தான். சம்பளத்தில் பிடிப்பதால், டூலில் விரிசல் தெரிந்தாலும் பையன்கள் மறைத்துவிடுகிறார்கள். அது விமானத்துக்குப் போகும் உதிரிபாகத்தில் போய் முடியும்.

அரசுக்கும் ஒன்று. 71 அரசு ஐடிஐக்களைத் தொழில் 4.0 மையங்களாக மாற்றியிருக்கிறார்கள், நல்ல மிஷின்கள் வந்திருக்கின்றன. அங்கே பயிற்சிக்குப் பெரும்பாலும் அலுமினியமும் மைல்டு ஸ்டீலும் போதும் என்று நிறுத்திவிடாமல், ஒவ்வொரு மாணவனுக்கும் கிரேடு 5 துண்டு ஒன்றையாவது வெட்டக் கொடுக்க வேண்டும். கூடவே ஒரு லூப்பும் ஒரு டயலும். ஃபீடைக் குறைத்து ஒரு பாஸ், சரியான ஃபீடில் ஒரு பாஸ் என்று இரண்டையும் ஓட்டவிட்டு, விளிம்பை அவர்களே பார்க்கட்டும்.

இப்படிக்கு,
சிஎன்சி புரோகிராமர் ஒருவர்,
கணபதி, கோவை.